நியானா, கார்டினலா?

கார்டினல் டெட்ரா என்று கேட்டு வாங்கி வந்த பத்து மீனை வீட்டுத் தொட்டியில் விட்ட பிறகுதான் பார்த்தேன், பத்தும் நியான் டெட்ரா. பாலிதீன் பைக்குள் இரண்டும் ஒரே நீலக் கீற்றாகத்தான் தெரியும். அடையாளம் வயிற்றில் இருக்கிறது. நியானுக்குச் சிவப்பு உடம்பின் நடுவில் தொடங்கி வாலில் முடியும். முன்பாதி வெறும் வெள்ளி. கார்டினலுக்குத் தலைப்பக்கத்திலிருந்து வால்வரை ஒரே சிவப்பு. அளவிலும் கார்டினல் கொஞ்சம் பெரிது.

ஊரும் வேறு. நியான், பெரு, கொலம்பியா, பிரேசில் எல்லைகள் சேருமிடத்தில் மேல் அமேசானின் சிற்றோடைகளில் வாழ்வது. கார்டினலின் வீடு ரியோ நீக்ரோ, மேல் ஒரினோகோ ஆறுகள். இலையும் சருகும் ஊறிப் பால் விடாத டீயைப்போல ஆன தண்ணீர் அது. அமிலம் அதிகம், உப்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். கொசுப்புழுகூட அதிகம் வராத அந்தத் தண்ணீரில் இந்த மீன் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறு காட்டுக்குள் ஏற, மீன்களும் மரங்களுக்கிடையே போய்விடும். தண்ணீர் வடியும்போது குட்டைகளில் சிக்கி ஏராளமானவை சாகும். காட்டில் பெரும்பாலும் ஓராண்டுதான் ஆயுசு. தொட்டியில் நாலைந்து வருஷம் இருக்கும்.

பெயரில் ஒரு வேடிக்கை. இரண்டின் அறிவியல் பெயரிலும் இருப்பது அமெரிக்க மீன் பத்திரிகைக்காரர்களின் பெயர்தான். 1936இல் மீனியல் அறிஞர் மையர்ஸ் நியானுக்கு இன்னஸ் என்ற பத்திரிகைக்காரரின் பெயரை வைத்தார். கார்டினலுக்கு 1956 பிப்ரவரியில் இரண்டு தரப்பு தனித்தனியாகப் பெயர் சூட்டியது. ஷுல்ட்ஸ் என்ற அறிஞர் ஆக்ஸல்ராட் பெயரை வைத்து எழுதிய கட்டுரை 20ஆம் தேதி, ஆக்ஸல்ராட் நடத்திய பத்திரிகையிலேயே வந்தது. மையர்ஸும் வைட்ஸ்மனும் எழுதியது 21ஆம் தேதி. ஒரே நாள் பிந்தியதில் அவர்கள் வைத்த பெயர் போயிற்று. ஆக்ஸல்ராட் பெயர் நின்றது.

அந்த நீலம் சாயம் இல்லை. தோல் செல்களில் அடுக்கியிருக்கும் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகத் தகடுகள் ஒளியைத் திருப்புவதால் வருவது. தகடுகளின் இடைவெளி மாறினால் நிறமும் மாறும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தொட்டி விளக்கைப் போட்டுப் பாருங்கள். பட்டை மங்கி, சிவப்பு வெளுத்து, மீன் செத்துக்கொண்டிருக்கிறதோ என்று பதறுவீர்கள். சற்று நேரத்தில் நீலம் தானாகத் திரும்பும். இதில் இரண்டும் ஒன்றுதான்.

சரி, எதை வாங்குவது? கடைக்கு வரும் நியான்களில் பெரும்பாலானவை தென்கிழக்காசியப் பண்ணைக் குஞ்சுகள். விலை குறைவு, கடினத் தண்ணீருக்கும் ஓரளவு பழகியவை. ஆனால் அதற்கு 20 முதல் 26 டிகிரிதான் தோது. சென்னை மே மாதத் தொட்டி எளிதாக 30ஐத் தாண்டும். கார்டினல் 28 வரை சுகமாக இருக்கும். நியான் நோய் என்ற ஒட்டுண்ணித் தொல்லையும் உண்டு. தசை வெளுத்து நிறம் விடும், மருந்து கிடையாது, தனியே பிரித்து வைப்பதுதான் வழி. அதனால் என் ஓட்டு கார்டினலுக்கு.

காட்டில் வாழும் கார்டினலைப் பிடித்து விற்பது பாவமில்லையா என்பீர்கள். பிரேசிலின் பார்செலோஸ் பகுதியில் பியபெய்ரோக்கள் என்ற மீனவர்கள் சிறு படகில் போய்க் கைவலையால் அள்ளுகிறார்கள். வற்றும் குட்டையில் எப்படியும் பெரும்பாலும் செத்திருக்க வேண்டியவை. மீன் வரும்படி இருக்கும்வரை காட்டை வெட்டவும் அவர்களுக்கு அவசியமில்லை. பண்ணைக் கார்டினல் பெருகினால் அடி விழுவது இவர்கள் பிழைப்பில்தான். எனவே கடையில் காட்டு மீனா, பண்ணை மீனா என்று கேட்டு வாங்குவேன்.

காட்டு மீனென்றால் போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். அப்புறம், தெருவில் பாதாம் மரம் இருந்தால் சிவந்து உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றிரண்டைக் கழுவித் தொட்டியில் போடுங்கள். நாலைந்து நாளில் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அதுவரை மூலையில் பதுங்கியிருந்த கூட்டம் நடுவுக்கு வந்து திரியும்.