பேனாவுக்கு நூறு மதிப்பெண், சாக்கெட்டுக்குப் பூஜ்யம்

நான் வைத்திருக்கும் பென் டேப்லெட்டின், அதாவது கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையின், விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஆப்களுக்குத் திரை வடிவமைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவள். அவள் கேட்ட நேரம் அப்படி. போன வாரம்தான் அதைச் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கோபத்தை மட்டும் சொன்னால் அந்தக் கருவிக்கு நான் செய்யும் அநியாயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எத்தனை அங்குலம், அழுத்தத்தில் எத்தனை நிலை என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் பேனா. கொரோனாவுக்கு முன்பு வாங்கியது, இன்றுவரை அதில் ஒரு குறை இல்லை. பேட்டரி கிடையாது, சார்ஜ் ஏற்ற வேண்டியதும் இல்லை. பலகைக்கு அடியில் ஒரு கம்பிவலை இருக்கிறது. அதிலிருந்து வரும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் உள்ள சிறு சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பேனா எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுந்துகிறது என்பதைப் பலகை அதிலிருந்தே கண்டுகொள்கிறது. கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. முனை மட்டும் தேயும். ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்து விளிம்பு கூரானால் பலகையில் கீறல் விழும், அதற்குள் மாற்றிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் உள்ளங்கை வியர்த்துப் பலகையில் ஒட்டும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மூடும் கையுறை ஒன்று இருந்தால் சென்னைக்குப் போதும்.

குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியபோது எனக்கு மணிக்கட்டு வலி கடுமையாக இருந்தது. மவுஸைப் பிடித்தால் உள்ளங்கை நாள் முழுவதும் கவிழ்ந்தே கிடக்கும். பேனா பிடித்தால் கை இயல்பாகச் சாய்ந்து நிற்கும். வலிக்காகத்தான் இதை முழுநேரமும் பயன்படுத்தத் தொடங்கினேன். ஆனால் நான் இதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு.

அப்போது தரமணியில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். வடிவமைப்புக் குழுவில் மூத்தவள். இருந்தாலும் கூட்டம் தொடங்கியதும், "நீங்கள் குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அறையில் என்னைவிட இளையவர்கள் இருப்பார்கள், குழுவுக்குப் புதியவர்கள் இருப்பார்கள், அவர்கள் ஆண்கள். குறிப்பு எடுப்பவள் தலைகுனிந்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். தலைநிமிர்ந்து ஒரு கருத்தைச் சொல்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்.

மருத்துவமனை முன்பதிவுக்கான ஆப் ஒன்றின் தமிழ் வடிவத்தைப் பற்றிய கூட்டம் அது. வரியிடைவெளியை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்திருந்தார்கள். தமிழில் 'கீ'யின் மேல்சுழி பாதி காணாமல் போயிற்று, 'மூ'வின் கீழ்வளைவு வெட்டுப்பட்டது. இதை மின்னஞ்சலில் பலமுறை எழுதியிருந்தேன், எதுவும் நகரவில்லை. அன்று லேப்டாப்பைப் புரொஜெக்டரில் இணைத்துவிட்டு, குறிப்பை டேப்லெட்டில் எடுத்தேன். அந்தத் திரைப் படத்தின் மேலேயே, வெட்டுப்பட்ட ஒவ்வோர் எழுத்தையும் சிவப்பில் சுழித்து, இருக்க வேண்டிய வளைவைப் பக்கத்தில் வரைந்து காட்டினேன். பேச்சு நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வரியிடைவெளி அந்த வாரமே மாறியது.

அதற்குப் பிறகு நான் கவனித்தது இதுதான்: பேனா யார் கையில் இருக்கிறதோ, அவரைப் பார்த்துத்தான் அறை பேசுகிறது. 1984-இல் வந்த மேக்கின்டாஷ் கணினிக்கு ஐகான்கள் வடிவமைத்த சூசன் கேர், முதலில் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாக நிரப்பித்தான் வரைந்து பார்த்தார். எங்கள் தொழிலில் வரைந்து காட்டும்வரை ஒரு யோசனை யாருக்கும் சொந்தமில்லை. வாயால் நான் சொன்னதை மாலைக்குள் வேறொருவர் தன்னுடையதாகச் சொல்லிவிடலாம், சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே நான் இழுத்த கோட்டை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்படிப்பட்ட கருவியைக் கணினியோடு சேர்த்துவைப்பது, பழைய செல்போன்களில் சார்ஜ் ஏற்ற இருந்த அதே மைக்ரோ யூ.எஸ்.பி. சாக்கெட். என் கோபமெல்லாம் அதன் மேல்தான். எப்படிச் செருகினாலும் பொருந்தும் டைப்-சி 2014-லேயே வந்துவிட்டது. இந்த டேப்லெட் அதற்குப் பிறகு தயாரானது. காசை மிச்சம் பிடிக்க இவர்களுக்குக் கிடைத்த இடம் இதுதானா? முதலில் கேபிளைச் சற்று அழுத்திப் பிடித்தால் வேலை செய்தது. பிறகு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால் மட்டும். கடைசியில், வாடிக்கையாளர் முன்னிலையில் ஒரு திரையின் ஓட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பாதிக் கோட்டில் நின்றது. நான் கேபிளைச் சரிசெய்யக் குனிந்த நேரத்தில், பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் மார்க்கரை எடுத்துவிட்டார். மீதிக் கூட்டம் அவருடையது. ஒரு சாக்கெட்டுக்காக இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் அந்த அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தத் தொகைக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கடைக்காரத் தம்பி டேப்லெட்டைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். சாக்கெட்டின் கால்கள் போர்டிலிருந்து எழும்பியிருந்தன. "செருகிச் செருகி இது போகவில்லை, அக்கா. கேபிள் பக்கவாட்டில் ஆடி ஆடித்தான் விட்டிருக்கிறது" என்றார். அது சரிதான். மைக்ரோ யூ.எஸ்.பி.யை 10,000 முறை செருகி எடுக்கலாம் என்று அதன் தரவரையறையே சொல்கிறது. தினமும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தாலும் அந்தக் கணக்கை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதைப் போர்டோடு பிடித்துவைத்திருக்கும் ஈயத்துக்குத்தான் அந்தப் பலம் இல்லை. டைப்-சி போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "போர்டில் அதற்கு இடமில்லை, அக்கா" என்றார். புது சாக்கெட் வைத்து, பக்கக் கால்களுக்குக் கூடுதலாக ஈயம் வைத்துக் கொடுத்தார். சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. அந்த அக்கறையைத் தயாரித்தவர்கள் காட்டியிருக்கலாம்.

புளூடூத் மாடல் இருக்கிறதே என்பார்கள். அதற்கும் சார்ஜ் ஏறுவது இதே சாக்கெட் வழியாகத்தான்.

தோழியிடம், வாங்காதே என்று சொல்லிவிட்டேன். பேனாவுக்காக இவ்வளவு எழுதிய பிறகும் அதுதான் என் பதில். விலை குறைந்திருப்பதே பழைய சாக்கெட் உள்ள சரக்கைத் தள்ளிவிடத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டைப்-சி உள்ள பென் டேப்லெட்டாகப் பார், பேட்டரி இல்லாத பேனாவாக இருக்கட்டும், சிறிய அளவே போதும், கேபிள் மேசை விளிம்பில் மடங்காதபடி எல் வடிவ முனையாக வாங்கு என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன், அக்கா" என்றாள். முடியாது என்றேன்.