ட்ரைவ் நைட்ரோ வோக்கர்: ஸ்காபரோ நடைபாதைக்கு நல்லது, கட்டையான ஆட்களுக்கு அளவு பார்க்கவேண்டும்

கோடை முழுக்கக் கோயிலுக்கும் தமிழ்க்கடைக்கும் நடந்து திரிந்த அம்மம்மாமார் நவம்பரோடு வீட்டுக்குள் அடைந்துவிடுகிறார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம்தான். ஒரு நல்ல நாலு சில்லு வோக்கர் அந்தப் பயத்தில் பாதியைப் போக்கும். ஸ்காபரோ போன்ற ரொறன்ரோ பகுதித் தெருக்களுக்கு ட்ரைவ் நிறுவனத்தின் நைட்ரோ பொருத்தமானது. ஆனால் சாதாரண அளவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது.

இதன் பலம் 10 அங்குல முன்சில்லு. சிறிய சில்லு நடைபாதை வெடிப்பிலும், பனி வழித்த இயந்திரம் சந்தி ஓரத்தில் விட்டுப்போகும் மேட்டிலும் சிக்கி நிற்கும்; ஆள் முன்னுக்குச் சரிவார். பெரிய சில்லு அதில் ஏறிப் போகும். கண்ணாடி ஐஸில் மட்டும் எந்த வோக்கரும் உதவாது. பிரேக் பூட்டியிருந்தாலும் சில்லு வழுக்கும். பிரேக் வயர் குழாய்க்குள் ஓடுவதால் சேலைத் தலைப்போ கோட்டோ அதில் மாட்டாது.

இனி உயரம். கைபிடியை எவ்வளவு இறக்கினாலும் நிலத்திலிருந்து 33.5 அங்குலம் இருக்கும். வெளியே போடும் சப்பாத்தோடு நிமிர்ந்து நிற்கவிட்டு, கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, நிலத்திலிருந்து மணிக்கட்டு மடிப்புவரை அளவுங்கள். கைபிடி அந்த உயரத்தில் இருக்கவேண்டும். ஐந்தடி ஆளுக்கு அது 30 அங்குலம் அளவில்தான் வரும். மூன்றரை அங்குலம் கூடினால் தோள் உயரும், கையால் பாரத்தை அழுத்தமுடியாது, வோக்கர் முன்னே ஓட ஆள் பின்னால் குனிந்து இழுபடுவார். கழுத்து நோவு அங்கேதான் தொடங்குகிறது. இருக்கையும் 20.5 அங்குலம், களைத்து உட்கார்ந்தால் பாதம் நிலத்தில் படியாது. எங்கள் அம்மாமாரில் பலருக்கு இந்த அளவு சரிவராது. இதே மாடலில் ‘ஹெமி’ என்ற உயரம் குறைந்த வகை உண்டு. அதைக் கேட்டு எடுங்கள்.

கடையில் வைத்தே பிரேக்கைச் சோதியுங்கள். மேலே இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும். கீழே தட்டினால் பூட்டும். மூட்டுவாதக் கையால் இரண்டையும் செய்ய முடிகிறதா, குளிர் கையுறையோடும் முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் அடிக்கடி நடக்கும் விபத்து, பூட்டாமல் உட்காருவது. இன்னொன்று, உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவது. இது சக்கர நாற்காலி இல்லை. முன்சில்லு தடக்கினால் ஆளோடு கவிழும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வோக்கர் தானாக ஓடக்கூடும், பிசியோவைக் கேட்காமல் வாங்கவேண்டாம்.

எடை சுமார் 8 கிலோ. மடிப்பது சுகம், காரின் டிக்கியில் தூக்கி வைப்பதுதான் எழுபது வயதுக் கணவருக்குப் பாரம். பேஸ்மென்ட் வீடென்றால் குளியலறைக் கதவையும் அளந்து பாருங்கள், இது 23 அங்குலத்துக்குச் சற்றுக் கூட அகலம். தெரு உப்பு பிரேக்கைத் தின்னும். வந்ததும் ஈரத்துணியால் சில்லைத் துடையுங்கள்.

ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையோடு நின்றதால் ஸ்காபரோ ரவுன் சென்டர் என்ற கடைத்தொகுதிக்குள் நடக்கப் போகிறவர்களுக்கும் பஸ்தான். ஓட்டுநரிடம் கேட்டால் சாய்தளம் இறக்குவார். படியில் வோக்கரைத் தூக்கி ஏற்றப் பார்க்காதீர்கள்.

காசு விஷயம்: ஒன்ராறியோவின் உதவிச் சாதனத் திட்டம் தகுதியுள்ளவர்களுக்கு 75 வீதம் கொடுக்கிறது. செல்லுபடியான ஹெல்த் கார்ட் வேண்டும், ஆறு மாதமோ அதற்கு மேலோ தேவை இருக்கவேண்டும், திட்டத்தில் பதிவுசெய்த பிசியோவோ ஓ.ரி.யோ (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) பரிசோதித்துக் கையெழுத்திடவேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லைக் காட்டினால் கிடைக்காது. கடையும் திட்டத்தில் பதிவுசெய்த கடையாக இருக்கவேண்டும். நீங்கள் எடுக்கும் மாடல் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்கும் விசா) வந்த பெற்றோருக்கு ஹெல்த் கார்ட் இல்லாததால் முழு விலையும் பிள்ளைகள் கையால்தான்.