தேக்காவில் ஊர் நிலம் விற்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஞாயிறு மாலைகளில் தேக்காவில் (லிட்டில் இந்தியா) பஃபலோ ரோடு பக்கம் நம் ஊர்க்காரர் ஒருவர் பழக்கமானார். தென்மாவட்டத்தில் அரை ஏக்கர் வயல் இருக்கிறது, பைபாஸ் வரப்போகிறது என்றார். போனில் பட்டாவைப் படம் எடுத்து வைத்திருந்தார், அதில் ஒரே ஒரு பெயர். முன்பணமாக 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். லீவில் போனபோது, "நீங்க போய்ப் பாருங்க, என் மச்சான் அங்க நிப்பான்" என்றார். யாரும் நிற்கவில்லை.

நான் வரப்பில் நின்று அளவுக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு பைக்கில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் கையில் அரிவாள். "யாருடா அனுப்புனது? இன்னும் எத்தன பேரு வந்திருக்கீங்க?" என்று கேட்டான். எனக்கு வாயே வரவில்லை. வெளியாள் என்று நம்பட்டும் என வொர்க் பெர்மிட் அட்டையை எடுத்து நீட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை, என் பின்னால் இருந்த கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அரிவாள் பிடித்த கையும் நடுங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து, "வெளியூர்ப் பிள்ளடா, விடுங்க" என்று நடுவில் நின்றார்.

பஸ் வரும்வரை அவரும் கூடவே இருந்தார். பங்காளிகளுக்குள் அந்த நிலத்துக்காக வெட்டுக்குத்து நடந்து வழக்கு ஓடுகிறதாம். எதிர்த்தரப்பு கூட்டிவந்த ஆள் என்று என்னை நினைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்தே என்னை அங்கே அனுப்பியவரை மன்னிக்க முடியவில்லை.

அப்புறம்தான் அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அது கூட்டுப் பட்டா, ஏழு பெயர்கள். இதை நான் இங்கே ரூமில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்றும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கோர்ட் வழக்கு அதில் ஏறாமலே இருக்கலாம். ஊரில் ஒரு வக்கீலை வைத்து விசாரியுங்கள். இன்னொன்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் நாம் இந்தியாவில் வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வயலை விற்க வந்தபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

பணம் திரும்ப வரவில்லை. போன வாரமும் அவர் அதே இடத்தில் இரண்டு புதுப் பையன்களுக்குப் போனைக் காட்டிக்கொண்டிருந்தார்.