அம்பாசடரில் என்ஜினுக்கு வெளியே ஆயில் ஃபில்டர் வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் இப்போது சில ஒர்க்‌ஷாப்களில் ஒரு வேலையைச் சொல்லி ஆசை காட்டுகிறார்கள். என்ஜினோடு ஒட்டியிருக்கும் ஆயில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஹோஸ் இழுத்து, ஃபில்டரை வேறு இடத்தில் தனியாக மாட்டித் தருவார்களாம். மாற்றுவது சுலபம், கை அழுக்காகாது என்பார்கள். நான் அதற்கு 20,200 ரூபாய் கொடுத்தேன். பாம்பன் பாலத்தின் மேல், உம்மாவும் லாத்தாவும் (அக்கா) இரண்டு பிள்ளைகளும் உள்ளே இருக்க, பானெட்டிலிருந்து புகை வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இன்னொருவர் இதில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி வாப்பாவுடையது. 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கல்யாண வண்டி அதுதான். வாப்பா மவுத்தான பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த என்ஜினில் ஆயில் ஃபில்டர் வலது பக்கம், ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். நீளமான ஒரு போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் வரும், உள்ளே இருக்கும் எலிமென்ட்டை மட்டும் மாற்றுவோம். போன வருடம் ஆயில் மாற்றியதிலிருந்து அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் கசிவு. நிறுத்தும் இடமெல்லாம் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்புப் பொட்டு. இரண்டு தடவை இறுக்கியும் நிற்கவில்லை.

பழைய கார்களுக்கென்றே இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பை நண்பர் ஒருவர் சொன்னார். பெயர் எழுதப் போவதில்லை, விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. உள்ளே பளபளவென்று மூன்று பழைய வண்டிகள் நின்றன. அதைப் பார்த்துத்தான் நம்பிவிட்டேன். கசிவைப் பார்த்த உடனே அவர் சொன்னது: “இந்தக் கிண்ணம் வெச்ச ஃபில்டரே அவுட் ஆஃப் டேட் பாய். வெளிய மாட்டிடலாம். இம்போர்ட் கிட்டு இருக்கு. கிரில்லுக்குப் பின்னால காத்து அடிக்கிற இடமாப் பார்த்து வெச்சுத் தர்றேன், ஆயிலும் கூலா இருக்கும்.” கிட் 14,500, கூலி 3,500. வைகாசியில் வேலை முடிந்தது. பழைய கிண்ணத்தைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாயிற்று என்றார். அதை விட்டதுதான் பிறகு பெரிய இழப்பாகிவிட்டது.

முன்பக்கம், ரேடியேட்டருக்குக் கீழே, பம்பருக்குப் பின்னால் ஃபில்டர் தொங்கியது. என்ஜினிலிருந்து அங்கே போக ஒவ்வொரு ஹோஸும் ஒன்றரை மீட்டர். அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஃபில்டருக்கு வேலை வடிகட்டுவது. ஆயிலைக் குளிர்விக்க வேண்டுமானால் அதற்கென்று ஆயில் கூலர் தனியாக உண்டு. மெல்லிய தகட்டு டப்பாவின் மேல் காற்றுப் பட்டு ஆயில் பெரிதாகக் குளிரப்போவதில்லை. அந்த இடத்தில் முன்னால் போகிற வண்டி தெறிக்கிற கல் அதன் மேல்தான் படும், வேகத்தடை ஏறி இறங்கினால் இடிக்கிறதும் அதுதான். நம் கரையில் கூடவே உப்பு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எடுத்தால் சாலையின் குறுக்கே மணல் ஓடுவதை நாம் பார்க்கிறோம். தனுஷ்கோடிப் பக்கம் ஒரு தடவை போய் வந்தால் கண்ணாடியெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. இரண்டு மாதத்தில் ஃபில்டர் டப்பாவின் பெயிண்ட் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. ஒரு ஹோஸ் ரேடியேட்டர் தாங்கியின் தகட்டு விளிம்பில் உரசி, உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். என் வண்டியில் தனியாக ஆயில் பிரஷர் கேஜ் போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் சூடான என்ஜினில், 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 பி.எஸ்.ஐ. காட்டும், ஐடிலில் 20. இந்த வேலைக்குப் பிறகு 38, ஐடிலில் 12. கேட்டதற்கு, “ஹோஸ் நீளம் அண்ணே, அப்படித்தான் காட்டும்” என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேஜ் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ளவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பிரஷர் ரொம்ப இறங்கினால்தான் அந்த விளக்கு எரியும்.

ஹோஸ் உரசியதைக் காட்டி ஆவணியில் திரும்பக் கொண்டுபோனேன். இடத்தை மாற்றித் தருகிறோம் என்று இன்னும் 2,200 வாங்கினார்கள். இந்தத் தடவை ஃபயர்வாலில், அதாவது என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில், இடது பக்கம். “இங்கதான் காலி இடம் இருக்கு” என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அம்பாசடர் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இடது பக்கம்தான் கார்புரேட்டரும், சூடான புகை போகிற சைலன்சர் மேனிஃபோல்டும். அங்கே இடம் காலியாக இருப்பதே சூட்டுக்காகத்தான். அதன் மேலே ஃபில்டரைத் தலைகீழாக, வாய் கீழே பார்க்க மாட்டினார்கள். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் ஏழெட்டு விநாடி கேஜ் பூஜ்யத்தில் நிற்கும், என்ஜினுக்குள் கடகடவென்று சத்தம் வரும், பிறகுதான் முள் ஏறும். ராத்திரி முழுக்க ஃபில்டரிலும் ஹோஸிலும் இருந்த ஆயில் என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, சம்ப்புக்கு, வடிந்துவிடுகிறது. தினமும் காலையில் பேரிங் ஆயில் இல்லாமல் சுற்றியிருக்கிறது. நான் அதோடு மூன்று மாதம் ஓட்டினேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பி, பாம்பனிலிருந்து அன்னை இந்திரா காந்தி பாலத்தில் ஏறினோம். பிள்ளைகள் ரயில் பாலத்தையும் கடலையும் பார்க்க இடது பக்கம், வலது பக்கம் என்று தாவிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கருகல் வாடை. கேஜைப் பார்த்தேன், 40-இல் இருந்த முள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 10-க்கு வந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். ஓட்டத்திலேயே உச்சியைத் தாண்டி, மண்டபம் பக்க இறக்கத்தில் அப்படியே உருட்டிக் கீழே இறக்கினேன். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை. லாத்தா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார். பானெட்டை அகலத் திறக்கவில்லை, காற்றுப் பட்டால் பற்றிவிடும் என்று விரல் அளவுக்குத் தூக்கிப் பார்த்தேன். நெருப்பு இல்லை. ஹோஸ் ஒன்று கிளிப்பிலிருந்து நழுவி, சூடான மேனிஃபோல்டு மேல் ஆயிலைக் கொட்டியிருந்தது. ஒரு சாண் தள்ளி கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

இந்த என்ஜினில் நாலு லிட்டருக்குச் சற்று மேல்தான் ஆயில். பேரிங்குக்குப் போகும் ஆயில் முழுவதும் முதலில் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஆக, ஹோஸ் ஒன்று கழன்றால் பம்ப் மொத்த ஆயிலையும் ரோட்டில் கொட்டிவிடும். அதற்கு நிமிடக் கணக்கு வேண்டாம்.

மண்டபத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கும் ஒரு அண்ணன் வண்டியைக் கட்டி இழுத்துப் போனார். நாற்பது வருடமாகப் படகு என்ஜினோடே இருக்கிறவர். ஹோஸைக் கையில் எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார், வடை மாவு மாதிரி அமுங்கியது. “இது ஆயில் ஹோஸ் இல்ல பாய். தண்ணிக்குப் போடுறது. சூடான ஆயில்ல ஊறிப்போச்சு. இதுல கிளிப்பு எப்படி நிக்கும்?” பில்லில் ஹைட்ராலிக் ஹோஸ் என்று எழுதியிருந்தது.

பிறகு ஃபில்டர் டப்பாவும் ஹோஸும் மாட்டுகிற வார்ப்பை, அதாவது ஃபில்டர் தலையை, கழற்றி டீசலில் கழுவினார். வெள்ளிப் பெயிண்ட் கரைந்து போனதும், வார்ப்பின் ஓரத்தில் அரம் போட்டு ராவிய இடம் தெரிந்தது. எழுத்து இருந்த தடம். அவர் உள்ளே போய், பரணில் கிடந்த ஒரு பழைய டீசல் ஃபில்டர் தலையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் அதேதான். நான் இம்போர்ட் கிட் என்று 14,500 கொடுத்தது ஒரு டீசல் ஃபில்டர் தலைக்கு. டீசல் போகிற ஓட்டை சின்னது, சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. கெட்டியான என்ஜின் ஆயில் அதில் திக்கித்தான் போகும். பிரஷர் 38-க்கு இறங்கிய காரணம் அங்கே இருந்தது.

ஃபில்டர் டப்பாவையும் ஹேக்சாவால் அறுத்துக் காட்டச் சொன்னேன். ஆயில் ஃபில்டருக்குள் இரண்டு காரியம் இருக்க வேண்டும் என்றார். ஒன்று, ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கிற ரப்பர் மூடி. இரண்டு, எலிமென்ட் அடைத்துக்கொண்டாலோ ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ வழிவிடுகிற ஸ்பிரிங் வால்வு. எங்கள் பழைய கிண்ண ஃபில்டரில் அந்த வால்வு உண்டு. அதைத் தூக்கிவிட்டு வேறு போடும்போது புதிதிலும் இருக்க வேண்டும். அறுத்துப் பார்த்ததில் இரண்டுமே இல்லை. காகிதம் மட்டும் இருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது இதற்கெல்லாம் மேலே ஒன்றைக் கேட்டபோது. முதலில் எதற்காக மாற்றினீர்கள் என்று அந்த அண்ணன் கேட்டார். கிண்ணத்து விளிம்பில் கசிவு என்றேன். “பழைய ரப்பர் ரிங்கு காடியிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும் பாய். அதுக்கு மேலயே புது ரிங்கை வெச்சிருப்பானுங்க. ஊசியால குத்தி எடுத்துட்டுப் புதுசு போட்டா முடிஞ்சது.” அந்த எலிமென்ட்டோடு அந்த ரிங்கும் சேர்ந்தே வரும். உங்கள் வண்டியிலும் கிண்ணத்தில் கசிந்தால் முதலில் டார்ச் அடித்து, ரிங் உட்காரும் பள்ளமான அந்தக் காடியைப் பாருங்கள்.

சம்ப்பை இறக்கினோம். கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் நாலு பிக் எண்ட் பேரிங்கில் மூன்றில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்கில் கோடு விழவில்லை, அதுமட்டும் தப்பியது. பேரிங் செட் மாற்றினோம். கிண்ணம் கையில் இல்லாததால் வெளி ஃபில்டரையே ஒழுங்காக வைக்க வேண்டியதாயிற்று. எங்கே வைப்பது என்று முடிவு செய்ய அந்த அண்ணன் அரைநாள் எடுத்துக்கொண்டார். ஹோஸை வாங்குவதற்கு முன்னால் இடத்தை முடிவு செய்தார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

என்ஜினின் வலது பக்கம், அதாவது மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கம், சக்கரத்தையும் என்ஜினையும் பிரிக்கிற ஏப்ரான் தகட்டின் உள்முகம். சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீரும் மணலும் தகட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். ஃபில்டர் செங்குத்தாகத் தொங்குகிறது, வாய் மேலே. கழற்றினால் டப்பாவோடு ஆயிலும் வந்துவிடும், நின்ற வண்டியில் காலியாகாது. அந்தப் பக்கம் ஸ்டீயரிங் ராடும் டைனமோ பெல்ட்டும் இருப்பதால் அவர் கோதுமை மாவைப் பிசைந்து உருண்டை உருட்டி, ஹோஸ் போகிற இடத்தில் ராடின் மேல் ஒட்டி, ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பினார். மாவு நசுங்கிய இடத்திலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி ஹோஸுக்கு வழி விட்டார். என்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யும்போது குலுங்கும், தகடு குலுங்காது. அதனால் ஹோஸில் கொஞ்சம் தொய்வு வேண்டும். நீளம் 45 சென்டிமீட்டர்தான், உள்விட்டம் அரை இஞ்ச். ராமநாதபுரத்தில் ஜே.சி.பி. வண்டிகளுக்கு ஹோஸ் அடித்துத் தரும் கடையில் இரண்டு முனையிலும் பிரஸ் செய்து வாங்கினோம். கிளிப்பே இல்லை.

தகட்டுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை கொடுத்துத்தான் போல்ட் போட்டார், நம் ஊர் வண்டியில் தகட்டை மட்டும் நம்ப முடியாது. அலுமினியத் தலையில் இரும்பு போல்ட் சேரும் இடத்தில் உப்புக்காற்று பட்டால் வெள்ளைப் பொடி பூத்துத் தின்றுவிடும், அதனால் கிரீஸ் தடவி மூடினார். தலையில் உள்ளே, வெளியே என்று போட்டிருந்த அம்புக்குறியை மூன்று தடவை சரிபார்த்தார். ஆயில் ஃபில்டரின் ஓரத்து ஓட்டைகள் வழியாக உள்ளே போய் நடு ஓட்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், மாறிவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் மூடியே ஆயிலை அடைத்துவிடும். ஃபில்டரில் முதலிலேயே ஆயில் ஊற்றி மாட்டி, காயில் வயரைக் கழற்றிவிட்டு, என்ஜின் பற்றாமல் செல்ஃப் மட்டும் அடித்தார். கேஜில் முள் ஏறிய பிறகுதான் வயரை மாட்டினார்.

ஹோஸ், சரியான தலை, ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ஆனது. பேரிங் செலவு தனி.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். உப்புக்காற்று ஊரில் இப்படித்தான் ஆகும் என்றார்கள், பிறகு எடுக்கவில்லை. இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். என்னிடம் இருப்பது ஒரு பில்லும், பணம் அனுப்பிய பதிவும்தான். இரண்டாவது தடவை கொடுத்த 2,200-க்குத் துண்டுச்சீட்டுகூட வாங்கவில்லை, அதை மனுவில் சேர்க்க முடியவில்லை.

ராவிய தடத்தோடு அந்த டீசல் தலை, அறுத்த ஃபில்டர், ஊறிப்போன ஹோஸ் எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். கீழக்கரைப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிறவர் யாராவது இந்த வேலைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் வந்து கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.