வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் பில் போட்டார்கள்

முன்பக்கம் செல்லப்பிராணிக் கடை, பின்பக்கம் ஒரு தடுப்பு வைத்து 'கிளினிக்'. இப்படிப்பட்ட இடங்கள் சென்னையில் பெருகிவிட்டன. நாய் சாப்பிடவில்லை என்று அங்கே போகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்கத்தான் இந்தப் பதிவு. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

எங்கள் டைசன் லேப்ரடார், ஏழு வயது. தட்டுச் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து பாய்ந்து வருகிறவன். சாப்பிடாமல் விட ஆரம்பித்த அன்றும் வந்தான், வாலாட்டினான், தீனியை வாயில் எடுத்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே கீழே போட்டான். தயிர்சாதத்தை மட்டும் நக்கியே காலி செய்தான்.

இதை அப்படியே கடையில் சொன்னோம். வெள்ளைக் கோட்டுக்காரர் காய்ச்சல் பார்க்கவில்லை, ஈறைப் பார்க்கவில்லை, உண்ணி இருக்கிறதா என்று காதை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை. "லிவர் வீக் சார், இந்த ஃபுட் ஒத்துக்கல" என்றார். ஓர் ஊசி, லிவர் டானிக், பசிக்கு சிரப், விலை கூடிய புதுத் தீனி மூட்டை. பில்லில் 'இன்ஜெக்‌ஷன்' என்று மட்டும் இருந்தது. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "பசி எடுக்குற ஊசிதான் சார்."

அன்று ராத்திரியே பசி எடுத்தது, அதை மறுக்கவில்லை. கூடவே தண்ணீராகக் குடித்து ஹால் முழுக்க மூத்திரம் போனான். ஊசியின் வேகம் அடங்கியதும் பழைய கதை. திரும்பப் போனால் அதே ஊசி, அதைவிட விலை கூடிய மூட்டை.

அப்புறம் வலது கண்ணுக்குக் கீழே வீங்க ஆரம்பித்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் டாக்டரம்மா செய்த முதல் வேலையே உதட்டைத் தூக்கிப் பார்த்ததுதான். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்கடியில்தான் வீங்குமாம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். ஊசிக் கதையைக் கேட்டுவிட்டு, "ஸ்டீராய்டா இருக்கலாம்" என்றார். அது பசியையும் தாகத்தையும் கூட்டும், வீக்கத்தைக் கொஞ்ச நாள் அமுக்கும், உள்ளே இருக்கும் கிருமிக்கு வழிவிடும்.

பல் எப்படி உடைந்தது? அதே கடையில் "பல்லுக்கு நல்லது" என்று விற்ற, கல்லாக இறுகிய சீஸ் கட்டைதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கத் தரக்கூடாதாம்.

ஆசையாக வந்து, எடுத்து, கீழே போட்டால் முதலில் வாயைச் சந்தேகப்படுங்கள். தட்டுப் பக்கமே வராமல் சுருண்டு கிடந்தால் விஷயம் வேறு. நாயின் இயல்பான சூடு சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதைத் தாண்டிச் சூடு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊரில் அது சர்வ சாதாரணம். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பசி சிரப் இதில் எதையும் குணப்படுத்தாது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

இன்னொன்று. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நாங்கள் கேட்டபோது, "மெயின் டாக்டர் வெளியூர் போயிருக்கார்" என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர். மாநிலக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறோம்.

பிரிக்காத மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பணம் தர மாட்டார்களாம். வேண்டுமானால் அந்த விலைக்குச் சீஸ் கட்டை எடுத்துக்கொள்ளலாமாம்.