விடுமுறையில் ஒரு பாலிசி, நடுவில் ஒரு புராஸ்டேட்

நான்கு வார விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று நான் குறித்துவைத்திருந்த வேலைகளில் ஆயுள் காப்பீடும் ஒன்று. அயல்நாட்டில் நிறுவனம் தரும் காப்பீடு வேலை இருக்கும்வரைதான். எனக்கு 54 வயது, மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் இறங்கிய நான்காம் நாளே மைத்துனர் தமக்குத் தெரிந்த முகவரை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்.

முகவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். படிவத்தை அவரே நிரப்பிக்கொண்டு வந்தார். பெயர், பிறந்த தேதி, வசிக்கும் நாடு, புகை, மது என்று மளமளவென ஓடியது. ‘சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் தொடர்பான தொந்தரவு ஏதேனும் உண்டா?’ என்ற வரிக்கு வந்தபோது அவர் பேனா கேட்காமலே ‘இல்லை’ கட்டத்தை நோக்கி இறங்கியது.

“இரவில் இரண்டு முறை எழுந்துகொள்கிறேன். இரண்டு ஆண்டுகளாக, புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்த்துவருகிறேன்” என்றேன்.

பேனா அந்தரத்தில் நின்றது. “இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதானே சார். எழுதினால் வீணாகக் கேள்வி கேட்பார்கள்.”

“இப்போது என்னிடமே கேட்கட்டும். நான் போன பிறகு என் மனைவியிடம் கேட்க வேண்டாம்.”

மைத்துனர் இருமினார். முகவர் ‘ஆம்’ கட்டத்தில் டிக் செய்தார், தம் கமிஷனையே அடிப்பதுபோன்ற முகத்துடன். ஆனால் அந்தத் தாளின் அடியில் கையெழுத்து என்னுடையது. சொன்னவை யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் என்னுடையது. இழப்பீடு கேட்கும் நாளில் பழைய மருத்துவமனைக் குறிப்புகளைக் காப்பீட்டு நிறுவனம் தோண்டினால், அங்கே முகவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை.

காப்பீட்டுக்கான ரத்தப் பரிசோதனையின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஊசி, மாலையில் கைப்பேசியில் அறிக்கை. நான் வசிக்கும் இடத்தில் இதற்கு ஒரு வாரம் ஆகும். அறிக்கையில் பி.எஸ்.ஏ. எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: 5.6. பக்கத்தில் ‘4.0 வரை’ என்று ஒப்பீட்டு அளவு. அன்றிரவு நான் எழுந்தது இரண்டு முறை அல்ல, ஐந்து முறை. அதற்குக் காரணம் புராஸ்டேட் இல்லை.

அடுத்த வாரம் சிறுநீரியல் மருத்துவரைப் பார்த்தேன். முழுதாக இருபது நிமிடம் ஒதுக்கினார். முதலில் அவர் கேட்டது புற்றுநோயைப் பற்றி அல்ல, சைக்கிளைப் பற்றி. தம்பியின் சைக்கிளில், கல்போன்ற அந்த இருக்கையில், பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் சுற்றியதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றில் மட்டுமல்ல, வயதோடு வரும் சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும்கூட அது ஏறும். சைக்கிள் ஓட்டமும் உடலுறவும் அதைச் சற்று உயர்த்தலாம் என்பதால், இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்திவைப்பது வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. படிவத்திலும் இல்லை, ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

விரலால் பரிசோதித்தார், ஸ்கேன் எடுத்தார். இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும் சுரப்பி எனக்கு 42 கிராம். கட்டி எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. சிறுநீரில் தொற்று இருந்தது. “மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் வந்தால் பயாப்சி, அதாவது திசுப் பரிசோதனை. பழைய எண்கள் எங்கே?” என்றார். அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு மேசை இழுப்பறையில் இருந்தன. மகள் படமெடுத்து அனுப்பினாள்: 3.1, அடுத்த ஆண்டு 3.4. வேறு ஆய்வுக்கூடம், வேறு கருவி என்றால் எண் சற்று வேறுபடலாம் என்றாலும், போக்கு தெரிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது எதையெதையோ பெட்டியில் திணித்த நான், இந்த இரண்டு தாளை எடுத்துவைக்கவில்லை.

ஆறு வாரம் என்றார். என் கையில் இருந்தது பதினொரு நாள்.

விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வந்தது. நிராகரிப்பு இல்லை, கூடுதல் பிரீமியமும் இல்லை, ‘ஒத்திவைக்கப்படுகிறது’. ஆறு மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாமாம். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் நிலை புரிந்தது. பாதியில் நிற்கும் ஒரு பரிசோதனைக்கு யார் விலை போடுவார்கள்? கெட்ட பதிலுக்குக்கூட அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது, பதில் வராத கேள்விக்குத்தான் இல்லை.

பெரியப்பா மகன் அண்ணன் கதையே இதற்குச் சாட்சி. அவருக்கு வந்தது உண்மையான புற்று. புற்றின் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் அளவில் 6, அதாவது இருக்கும் வகைகளில் சாதுவானது. அறுவை முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, பி.எஸ்.ஏ. கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கிறது. அவருக்குக் காப்பீடு கிடைத்துவிட்டது, முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணத்தோடு. டிஸ்சார்ஜ் சுருக்கம் போதாது என்று அவரிடம் திசுப் பரிசோதனையின் மூல அறிக்கையைக் கேட்டார்களாம். புற்று வந்தவர் கையில் பாலிசி, வராத என் கையில் கடிதம்!

அவரோடு பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. தலைமுடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். ஆகவே அந்த மாத்திரை எடுப்பவரின் 2.5 உண்மையில் 5-ஐப் போலவே பார்க்கப்படும். படிவத்தில் ‘தற்போது எடுக்கும் மருந்துகள்’ என்ற இடத்தில் வழுக்கையை மறைக்கிறவர்கள் இதையும் மறைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை, மறைக்க முடி மிச்சமில்லை.

ஊருக்குப் போய்க் காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் நான் செய்த வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். வசிக்கும் இடத்திலேயே, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு, மருத்துவரைப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் அதன் காரணம் தெரியும்வரை படிவத்தைத் தொடாதீர்கள். எல்லா ஆண்டு எண்களும் மருத்துவரின் கடிதமும் பையில் இருக்கட்டும். முகவர் மூலம் பெயர் குறிப்பிடாமல் நிறுவனத்திடம் முன்கூட்டி விசாரிக்கச் சொல்லலாம். முறையான மறுப்போ ஒத்திவைப்போ வாங்கிக்கொள்வதைவிட அது மேல்.

திரும்பி வந்து எட்டாம் வாரம் பரிசோதித்தேன்: 3.5. சைக்கிள் பக்கமே போகவில்லை. செய்தியைச் சொன்னதும் முகவருக்குப் பெருமகிழ்ச்சி. “ஆறு மாதம் எதற்கு சார், வேறு கம்பெனியில் போடுவோம்” என்று மறுநாளே புதிய படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பினார், தம் வழக்கப்படி நிரப்பி. புராஸ்டேட் வரியில் இம்முறை ஒழுங்காக ‘ஆம்’ போட்டிருந்தார், பழகிவிட்டார். அதற்கு நான்கு வரி கீழே, ‘இதற்கு முன் உங்கள் விண்ணப்பம் ஏதேனும் நிராகரிக்கப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா?’ என்ற கேள்வி. அதில் ‘இல்லை’.

அடித்துவிட்டு ‘ஆம்’ என்று போட்டு, பக்கத்தில் கடிதத்தின் தேதியையும் 3.5-ஐயும் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முகவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.