கடலூர்–புதுச்சேரி பேருந்து: சக பயணி இழிவுபடுத்தினால் இந்தச் சேவை கைகொடுக்குமா?

வண்டி கிடைப்பதில் குறை சொல்ல முடியாத தடம் இது. திருப்பாதிரிப்புலியூரிலுள்ள கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரி மறைமலையடிகள் சாலை நிலையம் வரை சுமார் 25 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் நேர் ரயில் பாதை கிடையாது. அதனால் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஜிப்மருக்குப் போகும் நோயாளிகள் எல்லோரும் ஒரே வண்டியில் நெருக்கியடித்துப் போகிறார்கள். வேகத்துக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். பக்கத்து இருக்கைக்காரர் சாதியைச் சொல்லி ஏசும்போதும், திருநங்கை ஒருவர் வந்து உட்கார்ந்ததற்காக எழுந்து கத்தும்போதும் இந்தச் சேவை தருவது குறைவு.

எல்லாம் நடத்துநர் ஒருவர் தலையில்தான். காலைக் கூட்டத்தில் அவர் முன்படியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். கடைசி இருக்கையில் நடப்பது அவர் காதில் விழாது. போய்ச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "விடும்மா, நீ முன்னாடி வந்து நில்லு." இதுதான் ஆகப் பெரிய கோளாறு. ஏசியவர் உட்கார்ந்து வர, ஏச்சு வாங்கியவர் நின்றுகொண்டு போகிறார். சாட்சிகளும் அங்கேயே கலைந்துவிடுகிறார்கள். தனியார் வண்டியில் டைமிங் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும். இரண்டு நிமிடம் தாமதித்தால் பின்னால் வரும் வண்டி கலெக்‌ஷனை அள்ளிவிடும் என்பதால் ஓரங்கட்டவே தயங்குவார்கள். அந்த நெருக்கடி குறைவு என்பதால் இந்த விஷயத்தில் அரசுப் பேருந்தே மேல். பெண்களிடம் அத்துமீறும் ஆணை இறக்கிவிடவோ காவல்துறையிடம் ஒப்படைக்கவோ நடத்துநருக்கு அதிகாரம் தந்து தமிழ்நாட்டு மோட்டார் வாகன விதிகள் 2022-இல் திருத்தப்பட்டன. அதை எடுத்துச் சொன்னால் தயங்குகிற நடத்துநருக்கும் தெம்பு வரும்.

கடலூர்ப் பக்கத்து நகரப் பேருந்துகளில் இன்னொரு தொல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கும், பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணமில்லை. அதையே வைத்து "ஓசி" என்று குத்திப் பேசுகிறவர்கள் உண்டு. கட்டணமில்லாச் சீட்டும் பயணச்சீட்டுதான். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அந்த வண்டியில் வந்ததற்கு அதுவே அத்தாட்சி.

இந்தத் தடத்துக்கே உரிய சிக்கல் எல்லை. ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு. முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. ஏச்சு ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம் என்றால் "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அப்படி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். இப்படி எல்லை பார்க்காமல் பதிவதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்., "ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடுங்க" என்று கேளுங்கள். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை என்று வழி நெடுகக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. புதுச்சேரி பேருந்து நிலையம் உருளையன்பேட்டை சரகம். ஓடும் வண்டியிலிருந்து 112 அவசர எண்ணை அழைத்தால் முதலில் ஊர்ப்பெயர், அடுத்து வண்டி எண், அப்புறம்தான் நடந்தது.

பேருந்தின் நெற்றியில் எழுதிய பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் பல வண்டிகள் ஓடும். டி.என். 31, டி.என். 32, பி.ஒய். 01 என்று தொடங்கும் பதிவெண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். காணொளி எடுத்தால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதி நேர விவரமும் போய்விடலாம், டாக்குமென்டாக அனுப்புங்கள். பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத ஒருவரின் கைபேசி எண்ணையாவது வாங்கிவிடுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் ஏசுவதையும் தண்டிக்கிற 3(1)(r), 3(1)(s) பிரிவுகளுக்குப் பொதுமக்கள் பார்வையில் நடந்தது என்பது முக்கியம். உறவினர் மட்டுமே சாட்சி என்றால் வழக்கு தளரும்.

புகாரில் "சாதி சொல்லித் திட்டினார்" என்று மொட்டையாக எழுதுவதால்தான் பல வழக்குகள் வலுவிழக்கின்றன. சொன்ன சொல்லை, எவ்வளவு கூசினாலும், அப்படியே எழுதுங்கள். இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது 18A பிரிவு, புலனாய்வு டி.எஸ்.பி. நிலை அதிகாரியுடையது. பதிய மறுத்தால் 14566 உதவி எண்ணைக் கூப்பிடலாம். திருநங்கையரைச் சொல்லாலும் மனத்தாலும் வதைப்பதற்கு 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. மாற்றுத்திறனாளியைப் பலர் முன் இழிவுபடுத்தினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் சிறை ஐந்து ஆண்டு வரை போகும்.

நடத்துநர் கைகட்டி நின்றிருந்தால் அது தனிப் புகார். தமிழ்நாடு அரசுப் பேருந்துக்கு 1800 599 1500. தனியார் வண்டி என்றால் பதிவெண், தேதி, நேரம், நிறுத்தம் எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையப் புகாரோடு இதைச் சேர்த்து எழுதிவிட்டால் வண்டிக்காரர் தரப்பு பின்னுக்குப் போய்விடும். இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுங்கள்.